ஏற்காட்டுப் பழைய வைஸும் என் 14,000 ரூபாயும்

6,500 ரூபாய் கொடுத்து வாங்கிய பழைய பெஞ்ச் வைஸ் (வேலை செய்யும் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடிக்க மேசையில் மாட்டும் கருவி) ஒன்று, ஒரு இரும்புத் துண்டை ஒழுங்காகப் பிடித்து நிற்கும் நிலைக்கு வருவதற்குள் என்னிடமிருந்து 14,000 ரூபாய்க்கு மேல் கறந்துவிட்டது. பணம்கூடப் பரவாயில்லை. அந்த மழைக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போனதுதான் எரிச்சல். சேலத்தில் விசாரித்தபோது பட்டறைக்காரர்கள் "பேசாம புதுசு வாங்கிக்கங்க" என்றார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்கள் "அந்தக் காலத்து இரும்பு சார், சாகாது" என்றார்கள். வாங்கும்போது எதைத் திருப்பிப் பார்க்க வேண்டும், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஓர் ஆள் கிடைக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன், பழசு தேடி அலைகிற யாருக்காவது உதவட்டும்.

ஜாகீர் அம்மாபாளையத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, பழைய பூட்டு, கையால் சுற்றும் காப்பி அரைக்கும் மெஷின், தராசு இந்த மாதிரிப் பொருள்களைச் சரிசெய்து விற்கிறேன். வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்வதுதான். முதலில் வைத்திருந்தது ஒரு மலிவான புது வைஸ். இறுக்க இறுக்க நகரும் தாடை மேலே தூக்கிக்கொள்ளும், அரம் போட்டால் பெஞ்சோடு சேர்ந்து அதிரும், சாவி போன்ற சின்னப் பொருளைப் பிடித்தால் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளர்ந்திருக்கும். நல்ல கம்பெனியின் கனமான வைஸ் புதிதாக வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பழசின் மேல் ஒரு ஆசை. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் துருப்பிடித்த வில்டன் வைஸைப் பளபளவென்று ஆக்குவதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தவர்களுக்கு இது புரியும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: சிகாகோவில் செய்த அந்த வில்டனை நம் பக்கம் தேடி நேரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே பழைய சரக்கில் கண்ணில் படுவது பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு, இல்லாவிட்டால் நம் நாட்டு வார்ப்புகள். ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்டு, பாராமோ, யார்க்‌ஷயரில் ஷிப்ளி என்ற ஊரில் செய்த பார்க்கின்சன் இவையெல்லாம் உடம்பிலேயே பெயர் வார்த்து வந்தவை. ரெக்கார்டில் எண்ணும் இருக்கும். 3 என்றால் தாடை 4 அங்குலம், 5 என்றால் 5 அங்குலம், 6 என்றால் 6 அங்குலம்.

தேடுவதைச் செவ்வாய்பேட்டையில் ஆரம்பித்தேன். அங்கே பழைய இரும்பு வியாபாரிகளிடம் இரண்டு விலை உண்டு. இரும்பாக வாங்கினால் கிலோ விலை. "இங்கிலீஷ் எழுத்து இருக்குங்களா?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டால், அதே சாமான் "ஆன்டிக்" ஆகிவிடும், விலை மூன்று மடங்கு. எனவே கடைக்குள் போனதும் வைஸைக் கேட்காதீர்கள். ஆங்கிள், பட்டை, பழைய ஸ்பானர் என்று நாலு சாமானைப் புரட்டுங்கள், எடைபோடும்போது அதையும் தட்டில் தூக்கி வையுங்கள். இது ஏமாற்று அல்ல. அவர் அதை எந்த விலைக்கு எடுத்தாரோ அதற்கு மேல் லாபம் வைத்துத்தான் கிலோ விலையே சொல்வார்.

கடைகளைவிட நல்ல இடம் மூடிப்போன பழைய ஜவ்வரிசி மில்கள். சேலத்தில் 1943-லிருந்து ஜவ்வரிசித் தொழில் இருக்கிறது, பழைய மில்களில் இயந்திரம் பழுது பார்க்க ஃபிட்டர் ரூம் என்று ஒரு மூலை இருக்கும், அங்கே பெஞ்சும் வைஸும் இருக்கும். இயந்திரத்தை எல்லாம் விற்ற பிறகும் பெஞ்சோடு போல்ட் போட்ட வைஸ் அப்படியே நிற்கும், கழற்றச் சோம்பல் பட்டு விட்டிருப்பார்கள். கொல்லர் பட்டறைகளில் தரை வரை ஒற்றைக் கால் நீண்ட லெக் வைஸ் கிடைக்கும். அடித்துச் செய்த இரும்பு, சம்மட்டியால் அடித்தாலும் உடையாது. ஆனால் அதன் தாடைகள் கீல் போட்டுத் திறப்பதால் ஓர் அளவில் மட்டும்தான் இணையாக நிற்கும். பூட்டு வேலைக்கு ஆகாது என்று விட்டுவிட்டேன்.

இங்கே ரயில்வே வைஸ் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஜங்ஷன் பக்கத்துக் கடை ஒன்றில் அருமையான ஒரு வைஸ் பார்த்தேன். திருகின் மரை (சுற்றிச் சுற்றி வரும் புரி) தேயவில்லை, தாடை இரண்டும் ஒட்டி நின்றன, விலையும் கையில் இருந்த பணத்துக்குள்தான். பக்கவாட்டில் ஆங்கிலத்தில் எஸ்.ஐ.ஆர் என்று பஞ்ச் அடித்திருந்தது. 1951-இல் தெற்கு ரயில்வே உருவாவதற்கு முன்னால் நம் ஊர்ப் பாதையை நடத்திய தென்னிந்திய ரயில்வேயின் எழுத்து அது. ரசீது கொடுப்பீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டு, "பில்லு எதுக்கு சார், வீட்டுக்குத்தானே கொண்டுபோறீங்க" என்றார். விட்டுவிட்டு வந்தேன், வயிறு எரிந்தது. ஆனால் 1966-இல் வந்த ரயில்வே சொத்து சட்டவிரோத உடைமைச் சட்டம் சாதாரணமானது அல்ல. ரயில்வேயின் பொருள் திருட்டுப் போனது என்ற நியாயமான சந்தேகம் வந்தால், அது நேர்மையாக என் கைக்கு வந்தது என்று நான்தான் காட்ட வேண்டும். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே தன் பழைய சாமான்களை ஏலத்தில் விற்கிறது என்பதும் உண்மைதான், எழுத்து இருப்பதாலேயே திருட்டுச் சாமான் ஆகிவிடாது. ஏலத்தில் எடுத்தவரிடம் அதற்கான தாள் இருக்கும், அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லை என்றால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். அரசுப் பயிற்சி நிலையம், மில், தொழிற்சாலை எழுத்து பஞ்ச் அடித்த சாமானுக்கும் நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

அதற்குப் பிறகுதான் ஏற்காட்டுத் தகவல் வந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து அங்கே எஸ்டேட்டுகள். காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை மலை மேலேயே பழுது பார்த்தாக வேண்டும் என்பதால் பெரிய எஸ்டேட்டுகளில் சின்னதாக ஒரு பட்டறையும் இருந்தது. அப்படி ஒரு பழைய கொட்டகையைக் காலி செய்து சாமான்களை விற்கும் இடைத்தரகர் ஒருவர் போனில் படம் அனுப்பினார். கரும்பச்சைப் பெயின்ட், முன்னால் பார்க்கின்சன் என்று பெரிய எழுத்து, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அந்த நெம்புகோலுக்குத்தான் நான் விழுந்தேன். சாதாரண வைஸில் தாடையைத் திறக்கச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் நெம்புகோலை அழுத்தினால் உள்ளே இருக்கும் அரை நட்டு (நீளவாக்கில் பாதியாக வெட்டிய நட்டு) திருகை விட்டு விலகிவிடும், தாடையைச் சட்டென்று இழுக்கலாம், தள்ளலாம். விட்டதும் அரை நட்டு மறுபடி மரையில் உட்கார்ந்துகொள்ளும்.

நான் போன நாளன்று மேலே பனி மூட்டம், கரன்ட் இல்லை. கொட்டகைக்குள் அவர் செல்போன் வெளிச்சத்தில்தான் காட்டினார். தாடை இரண்டு அங்குலத்துக்கு மேல் திறக்கவில்லை. "கிரீஸ் காஞ்சு போச்சுங்க, மண்ணெண்ணெய் ஊத்துனா ஓடிரும்" என்றார். சேலத்தில் ஒரு பார்ட்டி 8,000 சொல்லியிருக்கிறார், சாயங்காலம் வருகிறார் என்றும் சொன்னார். (அந்தப் பார்ட்டி எல்லா விற்பனையிலும் வருவார், ஒருநாளும் வந்து சேர மாட்டார்.) பேசிப் பேசி 6,500-க்கு முடிந்தது. ஒரு நோட்டுத் தாளில் சாமான் விவரம், தொகை, தேதி எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அன்று உருப்படியாக நடந்த ஒரே காரியம் அதுதான்.

ஆறு அங்குல வைஸைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். கண்டக்டர் முதலில் ஏற்றவே மாட்டேன் என்றார், பிறகு லக்கேஜ் போட்டுக் கடைசி சீட்டுக்கு அடியில் வைக்கச் சொன்னார். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சறுக்கிக்கொண்டே வந்தது, நான் இரண்டு காலாலும் அணைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனமான வைஸைப் பஸ்ஸில் கொண்டுவருவதானால் நகரும் தாடையை உருவித் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் சாக்கில் கட்டுங்கள். எடை பாதி பாதியாகும். அதைவிடப் பெரிய லாபம், உருவச் சொல்லும்போது விற்கிறவர் முகத்தைப் பார்க்கலாம். பயணம், லக்கேஜ், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எல்லாம் சேர்ந்து 500 ரூபாய்.

வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துத் தாடையை உருவினதும் முதல் விஷயம் தெரிந்தது. காய்ந்தது கிரீஸ் மட்டும் இல்லை. அரை நட்டின் மரைகள் தேய்ந்து மழுங்கி, இருந்தும் இல்லாதது போலத்தான். இரண்டு அங்குலத்துக்குள் கொஞ்சம் பிடித்தது, அதற்கு மேல் திறந்தால் வழுக்கியது. திறக்கவில்லை என்று அவர் சொன்னதற்குக் காரணம் அதுதானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். போன் போட்டேன். "பழசுன்னா அப்பிடித்தாங்க இருக்கும், தெரிஞ்சுதானே வாங்குனீங்க" என்று வைத்துவிட்டார். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. வீட்டில் விலையைக் கேட்டபோது பாதியைத்தான் சொன்னேன்.

வாங்குமிடத்திலேயே செய்யக்கூடிய சோதனைகளை இங்கே சொல்லிவிடுகிறேன், பத்து நிமிடம்கூட ஆகாது. தாடையை முழுசாக வெளியே உருவிவிடுங்கள். உருவ விடமாட்டேன் என்றால் வாங்காதீர்கள். திருகின் நடுப்பகுதி மரையைப் பாருங்கள், பெரும்பாலும் தேய்வது அங்கேதான். ஓரத்து மரையும் நடு மரையும் ஒரே பருமனில் இருந்தால் நல்லது, நடுவில் மட்டும் கத்தி முனை போல மெலிந்திருந்தால் நட்டின் கதியும் அதுதான். நட்டு தனியாகக் கழற்றி மாற்றக்கூடியதா, உடம்போடு சேர்ந்ததா என்று கேளுங்கள். மறுபடி மாட்டி, பாதி திறந்த நிலையில் நகரும் தாடையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், டக் டக் என்று அடித்தால் சறுக்குப் பாதை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தாடைகளுக்கு நடுவில் ஒரு தாளை வைத்து இறுக்கி இடது ஓரம், வலது ஓரம் இரண்டிலும் இழுத்துப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் உருவிக்கொண்டு வந்தால் தாடைகள் ஒட்டி நிற்கவில்லை. கடைசியாக, சின்னச் சுத்தியலால் உடம்பிலும் தாடையிலும் தட்டிக் கேளுங்கள். விரிசல் விட்ட மண்பானையைத் தட்டினால் வருமே ஒரு சத்தம், அது வந்தால் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலே, புதுப் பெயின்ட் அடித்த பழைய வைஸைத் தொடவே தொடாதீர்கள். துருவோடு இருப்பதையே வாங்குங்கள். துரு பெயின்ட் அளவுக்கு எதையும் மறைக்காது, பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது அடித்தவருக்குத்தான் தெரியும்.

என் பெயின்டுக்கு அடியில் என்ன இருந்தது என்பது துரு எடுக்கும்போது தெரிந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து மாளாது என்பதால் கரன்ட் முறைக்குப் போனேன். ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், நாலு லிட்டருக்கு ஒரு மேசைக் கரண்டி அளவு சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். சார்ஜரின் நெகட்டிவ் கிளிப் வைஸில், பாசிட்டிவ் கிளிப் ஒரு பழைய இரும்புக் கம்பியில். இரண்டும் தண்ணீருக்குள் ஒன்றை ஒன்று தொடக் கூடாது. கிளிப்பை மாற்றிக் கொடுத்தால் கம்பிக்குப் பதில் வைஸ் கரையும். இப்போது வரும் தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லை என்று கண்டுகொண்டு கரன்ட்டே விடாது, ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர் கேளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சேலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டு எந்த மூலையிலும் கிடைக்கும். கம்பிக்குப் பதிலாக அதைப் போட்டால் தேயாது, கழுவுவது சுலபம் என்று எனக்கே ஒருவர் யோசனை சொன்னார். போடவே கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸில் இருக்கும் குரோமியம் கரைந்து, புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாகத் தண்ணீரில் சேரும். சாதாரண இரும்பு போதும், தீர்ந்தால் இன்னொரு துண்டு. தண்ணீரிலிருந்து வரும் குமிழி ஹைட்ரஜன், எனவே திறந்த வெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் வேண்டாம். பழைய பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், இந்த முறையில் பெயின்ட் ஈரத்திலேயே உரிந்துவிடும், அந்தக் கசடைச் செடிக்கு ஊற்றாமல் இருந்தால் சரி. தாடைத் திருகு, வாஷர் போன்ற சில்லறைச் சாமான்களுக்கு எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைத்தாலே போதும். வெளியே எடுத்த உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூசிவிட வேண்டும், டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி செம்மை பூத்திருக்கும்.

மறுநாள் காலையில் டிரம்மைப் பார்த்தபோது பச்சைப் பெயின்ட் தோல் தோலாக மிதந்தது. அதோடு சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக ஒன்று. கார் டிங்கரிங்கில் பள்ளத்தை நிரப்பி மறைக்கப் போடும் பட்டி. நகரும் தாடை மேலே எழும்புகிற கழுத்தில், ஒரு பக்கத்திலிருந்து முக்கால்வாசி தூரம் ஓடிய விரிசல். எத்தனையோ வருஷத்துப் பழைய விரிசல், உள்ளே கறுத்துப் போயிருந்தது. அதன் மேல் பட்டி தேய்த்து, உப்புத்தாள் போட்டு, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நட்டு தேய்ந்ததைக் கவனிக்காமல் விற்றார் என்றுகூட மனசைத் தேற்றிக்கொள்ளலாம், பட்டி தானாகப் போய் ஒட்டிக்கொள்ளாதே! அன்று வந்த கோபத்தில் அதை அப்படியே கிலோ விலைக்குத் தள்ளிவிடலாம் என்றுதான் தோன்றியது. தள்ளியிருந்தால் 7,000 ரூபாயோடு போயிருக்கும், கணக்குப்படி அதுவே லாபம்.

தள்ளவில்லை. பக்கத்து வெல்டிங் பட்டறையில், "இது என்னங்க பிரமாதம்" என்று சாதாரண ராடு வைத்து ஓட்டிக் கொடுத்தார்கள், 700 ரூபாய். வீட்டுக்கு வந்து திண்ணையில் வைத்திருக்கும்போதே "டிங்" என்று ஒரு சத்தம். வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு கோடு. வார்ப்பிரும்பில் கரிமம் அதிகம். சாதாரண ராடு வைத்து ஓட்டினால் ஓட்டிய ஓரம் கண்ணாடி மாதிரி கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், ஓரிடம் மட்டும் சூடாகி மற்ற இடம் குளிர்ந்திருப்பதால் ஆறும்போது இழுத்துக்கொண்டு விரியும். எனவே வெல்டிங் பட்டறைக்குப் போனால் முதல் கேள்வி, வார்ப்பிரும்பை எப்படிச் சூடாக்குவீர்கள், எப்படி ஆறவைப்பீர்கள் என்பதாக இருக்கட்டும். "அதெல்லாம் வேண்டியதில்லை" என்று பதில் வந்தால் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பலாம்.

சேலத்தில் குகை என்ற பகுதியில் கேஸ் வெல்டிங் செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வாங்கிப் பார்த்தார், புது வெல்டிங்கை விரலால் தடவினார், "யாரு கண்ணு இதைக் கொன்னது?" என்றார். இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். கூடவே இருந்து பார்த்ததால் எழுதுகிறேன். முதலில் அந்த வெல்டிங்கை முழுக்கச் சாணை பிடித்து எடுத்தார். விரிசலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டார், மேற்கொண்டு ஓடாமல் இருக்க. விரிசல் நெடுக ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுத்தார். எத்தனையோ வருஷமாக எண்ணெய் குடித்த இரும்பு என்பதால் தீயைக் காட்டிக் காட்டி எண்ணெயைப் பொசுக்கினார், புகை நின்ற பிறகுதான் அடுத்த வேலை. தாடை முழுவதையும் கரி அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடாக்கி, வெண்காரம் தூவி, பித்தளை ராடை உருக்கிப் பள்ளத்தை நிரப்பினார். பித்தளை உருகும் சூட்டில் வார்ப்பிரும்பு உருகாது, ஒட்டிப் பிடிக்கும், அவ்வளவுதான், அதனால்தான் பக்கத்தில் விரிவதில்லை. முடித்ததும் வெளியே எடுக்கவில்லை. சாம்பலும் சுண்ணாம்புத் தூளும் கலந்த பெட்டிக்குள் புதைத்து மூடி, மறுநாள் வரை தொடக் கூடாது என்றார். 2,000 ரூபாய் வாங்கினார். இந்தக் கதையில் நான் முகம் சுளிக்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான். இப்போது கழுத்தில் மஞ்சளாக ஒரு கோடு தெரிகிறது, அதன் மேல் வேண்டுமென்றே பெயின்ட் அடிக்கவில்லை.

அடுத்தது நட்டு. இந்த மாதிரி வைஸின் மரை சதுரமாக இருக்காது, ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சரிவு. ஒரே திசையில் பாரம் தாங்கவும், அரை நட்டு சுலபமாக விலகிச் சேரவும் அப்படி. சில லேத் பட்டறைகளில் பார்த்த உடனே கையை விரித்துவிட்டார்கள். புது லேத்களின் லீட் ஸ்க்ரூ (மரை வெட்டும்போது டூலை நகர்த்தும் நீளத் திருகு) மில்லிமீட்டர் கணக்கு, இந்தத் திருகோ அங்குலத்துக்கு இத்தனை மரை என்ற கணக்கு. மில்லிமீட்டர் லேத்தில் அங்குல மரை வெட்ட 127 பல் கியர் வேண்டும், அது எல்லோரிடமும் இருக்காது. ஆகவே அலையாமல் முதலிலேயே அங்குல லீட் ஸ்க்ரூ உள்ள பழைய லேத் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். தாதகாப்பட்டியில் ஓர் அண்ணன் ஒத்துக்கொண்டார். கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) உருண்டையைக் குடைந்து, திருகின் மரைக்கு ஏற்றபடி டூலைச் சாணை பிடித்து உள்மரை வெட்டி, பிறகு நீளவாக்கில் அறுத்துத் தேவையான பாதியை எடுத்தார். திருகையும் சேர்த்துக் கொண்டுபோனதால்தான் பொருந்தியது. அளவை மட்டும் எழுதிக் கொடுத்தால் இந்த வேலை நடக்காது. பொருளும் கூலியுமாக 2,400.

தாடைத் தகடுகளைப் பிடித்திருக்கும் திருகுகளில் பலர் தவறுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இங்கிலாந்து வைஸில் இருப்பது விட்வொர்த் மரை, பிஎஸ்டபிள்யூ என்று கேட்டால் கடையில் புரியும். என்னுடையதில் 5/16 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 18 மரை. இன்றைய எம்8 (8 மில்லிமீட்டர்) போல்ட்டும் பார்க்க அதே பருமன்தான், ஒன்றிரண்டு சுற்று உள்ளேயும் போகும். அதற்கு மேல் இறுக்கினால் ஓட்டையில் இருக்கும் மரையை அறுத்துக்கொண்டுதான் போகும். கையால் கடைசி வரை போகாத திருகை ஸ்பானர் போட்டுத் தள்ளாதீர்கள். பழைய தகடுகள் முழுக்க மழுங்கிவிட்டதால் இஎன்8 என்ற எஃகுப் பட்டையில் புதிதாகச் செய்யச் சொன்னேன், 1,100 ரூபாய். பல் வெட்ட வேண்டாம் என்றேன். பூட்டுச் சாவியையும் பித்தளையையும் பிடிக்க வழுவழுத் தாடைதான் வசதி, பல் வைத்தது எல்லாவற்றிலும் தழும்பு போடும். சோடா, பழைய சார்ஜர், திருகு, பெயின்ட் எல்லாம் சேர்த்து இன்னொரு 850.

மாட்டுவதில் இரண்டே விஷயம். நிலையான தாடையின் முகம் பெஞ்சின் விளிம்பைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீளமான கம்பியை நிறுத்திப் பிடிக்க முடியாது. உயரம், நீங்கள் நிற்கும்போது முழங்கை மட்டத்துக்கு. மரத்திருகு போதாது, பெஞ்சைத் துளைத்து அடியில் வாஷர் வைத்துப் போல்ட் போடுங்கள். பெயின்ட் அடிக்கும்போது திருகிலும் சறுக்குப் பாதையிலும் படாமல் துணி சுற்றுங்கள்.

அது இப்போது நன்றாகவே வேலை செய்கிறது. நெம்புகோலை அழுத்தித் தாடையைத் தள்ளும்போது வரும் சுகத்தை மறுக்க மாட்டேன். ஆனால் பித்தளை ஓட்டிய தாடை என்பதால் அதில் சுத்தியல் வேலை செய்வதில்லை, பைப் மாட்டிக் கைப்பிடியை இறுக்குவதில்லை. செலவு 14,050. அரம் போடவும் சாவி தேய்க்கவும் மட்டும் பயன்படுகிற வைஸுக்கு இது அதிகம், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

சுத்தியல் வேலைக்காகப் போன மாதம் இன்னொன்று வாங்கினேன். ஆத்தூர்ப் பக்கம் நின்றுபோன ஜவ்வரிசி மில் ஒன்றில், ரெக்கார்டு 5-ஆம் நம்பர். மேலெல்லாம் துரு, ஒரு சொட்டுப் புதுப் பெயின்ட் இல்லை. பெஞ்சிலேயே தாடையை உருவி மரை பார்த்தேன், தட்டிக் கேட்டேன், தாள் வைத்து இழுத்தேன். மில்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஏனுங்க, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார். கிலோ விலைக்குத்தான் கொடுத்தார், 1,500 ரூபாய்க்குள் முடிந்தது, மில் பெயர் போட்ட பழைய பில் புத்தகத்திலேயே ரசீதும் எழுதிக் கொடுத்தார். தாடைத் திருகு நான்கில் மூன்று கழன்றுவிட்டது. நாலாவது அசையவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றி விட்டிருக்கிறேன். இந்த வாரமும் வராவிட்டால் தாதகாப்பட்டிக்குக் கொண்டுபோய்த் துளைபோட்டு எடுக்க வேண்டியதுதான். அதற்கு ஒரு 200 ரூபாய் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.